மிச்சமாகும் நேரம் யாருக்கு?

'செயற்கை நுண்ணறிவு' என்கிறார்கள். பத்திரிகையைப் பிரித்தால் அதுதான். டி.வி.யைப் போட்டால் அதுதான். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட ஆண்கள் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். "இனிமே கணக்கப்பிள்ளை வேண்டாம், வக்கீல் வேண்டாம், வாத்தியாரும் வேண்டாம். எல்லாத்தையும் கம்ப்யூட்டரே பாத்துக்கும்" என்று ஒருவர் சொல்ல, "அப்ப மனுஷன் எதுக்கு?" என்று பக்கத்து இலைக்காரர் கேட்க, பாயசம் வந்ததும் பேச்சு அதோடு நின்றுவிடுகிறது.

'நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! ஓர் இயந்திரம் வந்து வேலையைக் குறைத்தால் என்னவெல்லாம் நடக்கும் என்பது பெரிய பெரிய நிபுணர்களுக்கு முன்பாகவே நம் அடுப்படிக்குத் தெரியும். எப்படி என்கிறீர்களா? கொல்லைப்புறத்தில் கவிழ்ந்து கிடக்கிறதே ஆட்டுக்கல், அதிலிருந்தே தொடங்குவோம்.

ஆட்டுக்கல் சொல்லும் கதை

என் பாட்டி காலத்தில் இட்லி என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான்; மிஞ்சினால் மாப்பிள்ளை வந்தால் உண்டு. ஊற வைத்த அரிசியையும் உளுந்தையும் ஆட்டி எடுப்பதற்குள் ஒரு மத்தியானம் முழுசாகப் போய்விடும். தோள்பட்டை விட்டுப்போகும். கொஞ்சம் வசதியான வீடுகளில் மாவாட்டுவதற்கென்றே ஓர் அம்மாள் வருவார். கூலியோடு ஒரு கிண்ணம் மாவையும் வாங்கிக்கொண்டு போவார்.

பிறகு கிரைண்டர் வந்தது. 1955-ல் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் உருவாக்கியது அது என்று சொல்வார்கள். முதலில் ஹோட்டல், பிறகு பணக்கார வீடு, பிறகு நடுத்தர வீடு என்று படிப்படியாக இறங்கி வந்தது. 2011-ல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் கொடுக்க ஆரம்பித்த பிறகு, குடிசை வீட்டிலும் கிரைண்டர் சுற்றியது.

சரி, அப்படியானால் நமக்கு மிச்சமான அந்த மத்தியானங்கள் எல்லாம் எங்கே போயின?

யோசித்துப் பாருங்கள். பண்டிகைப் பலகாரமாக இருந்த இட்லி அன்றாடப் பலகாரம் ஆயிற்று. ஒரு சட்னி இரண்டாயிற்று. பெரியவனுக்குத் தேங்காய், சின்னவளுக்குத் தக்காளி. "நேத்து அரைச்ச மாவாம்மா?" என்று முகம் சுளிக்கவும் கற்றுக்கொண்டார்கள். வாஷிங் மெஷின் கதையும் இதேதான். முன்பெல்லாம் மறுநாளும் போட்டுக்கொண்ட சட்டை, இன்று ஒரு மணி நேரம் போட்டாலும் மெஷினுக்குள் போகிறது. காய வைப்பதும் மடிப்பதும் யார்? நாம்தான்!

இது நம் ஊரின் கதை மட்டுமில்லை. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்று ஆசிரியை 1983-ல் 'மோர் வொர்க் ஃபார் மதர்' என்று ஒரு புத்தகம் எழுதினார். 'அம்மாவுக்கு இன்னும் அதிக வேலை' என்பது தலைப்பின் பொருள். அந்தக் காலத்தில் அப்பா விறகு பிளந்தார், பிள்ளைகள் தண்ணீர் சுமந்தார்கள், வேலைக்காரி துவைத்தாள். அடுப்பும் குழாயும் மெஷினும் வந்ததும் அவர்களுடைய வேலைகள் போய்விட்டன. அம்மாவுடைய வேலை மட்டும் அப்படியே தங்கியது. அவள் தனியாகவே எல்லாவற்றையும் செய்யும்படி ஆயிற்று. இதுதான் அவர் கண்டு சொன்னது.

ஆட்டுக்கல்லுக்கே திரும்பிப் போகலாம் என்று நான் சொல்லவில்லை. ஐயையோ, வேண்டவே வேண்டாம்! தோள்வலி போனதே பெரிய புண்ணியம். ஆனால் கணக்கைச் சரியாகப் பாருங்கள். கிரைண்டர் செய்தவருக்கு லாபம் வந்தது. வீட்டாருக்குத் தினமும் ருசி வந்தது. இல்லத்தரசிக்கு வலி போயிற்று, நேரம் மட்டும் வரவில்லை. மாவாட்ட வந்துகொண்டிருந்த அந்த அம்மாளுக்கு வேலையே போயிற்று. அவர் அப்புறம் என்ன ஆனார் என்று யாரும் விசாரிக்கக்கூட இல்லை.

இயந்திரம் உழைப்பை மிச்சப்படுத்தும். அந்த மிச்சம் யார் கைக்குப் போகிறது என்பதை இயந்திரம் தீர்மானிப்பதில்லை. மனிதர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு புதிய மெஷினிடம் வருவோம்.

இது எதை அரைக்கும்?

2022 நவம்பர் 30-ம் தேதி, ஓபன் ஏ.ஐ. என்ற அமெரிக்க நிறுவனம் 'சாட் ஜி.பி.டி.'யைப் பொது மக்களுக்குத் திறந்துவிட்டது. அதிலிருந்துதான் இந்தப் பேச்சு வீட்டுக்கு வீடு வந்தது. உள்ளே பூதம் ஒன்றும் இல்லை. கோடிக்கணக்கான பக்கங்களைக் கொடுத்து, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணிக்க அதைப் பழக்கியிருக்கிறார்கள். பிறகு மனிதர்களை வைத்து, 'இந்தப் பதில் நல்லது, அது சரியில்லை' என்று சொல்லிச் சொல்லித் திருத்தியிருக்கிறார்கள். படங்களில் 'இது பசு, இது ஆட்டோ, இது குழந்தை' என்று கோடு போட்டு அடையாளம் காட்டும் வேலையை நம் நாட்டின் சிறு நகரங்களில் எத்தனையோ பெண்கள் உட்கார்ந்து செய்கிறார்கள். மெஷினின் புத்திக்குப் பின்னால் இத்தனை பேருடைய கண்ணும் கையும் இருக்கின்றன.

கிரைண்டர் கை வேலையைக் குறைத்தது. இது காகித வேலையைக் குறைக்கிறது. கடிதம் எழுதுவது, மொழிபெயர்ப்பது, கணக்குப் பதிவது, நீளமான அறிக்கையைச் சுருக்கிச் சொல்வது, கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுவது என்று மேஜை முன் உட்கார்ந்து செய்யும் வேலைகள் எல்லாவற்றிலும் கை வைக்கிறது.

உலகத்தில் உள்ள வேலைகளில் சுமார் 40 சதவிகிதத்தை இது ஏதோ ஒரு விதத்தில் தொடும் என்று 2024 ஜனவரியில் சர்வதேச நிதியம் சொன்னது. பணக்கார நாடுகளில் 60 சதவிகிதமாம். தொடும் என்றால் பறித்துவிடும் என்று அர்த்தமில்லை. சிலருக்குக் கை கொடுக்கும், சிலரைத் தள்ளிவிடும். 2023 ஆகஸ்டில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் முக்கியம். குமாஸ்தா வேலைகளுக்குத்தான் ஆபத்து அதிகம், அதில் ஆண்களைவிடப் பெண்களுக்கே பாதிப்பு கூடுதல் என்று அது சொல்கிறது. காரணம் தெரிந்ததுதானே? டைப் அடிப்பது, வரவேற்பறையில் இருப்பது, பதிவேடு எழுதுவது என்று 'பொம்பளைங்களுக்கு ஏத்த உத்தியோகம்' என்று ஒதுக்கிக் கொடுத்ததெல்லாம் இந்த வேலைகள்தாமே!

சிநேகிதியின் கணக்கு

இது ஏதோ வெளிநாட்டு விஷயம் என்று எண்ணிவிடாதீர்கள். என் சிநேகிதி ஒருத்தி வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்கிறாள். மெஷின்களோடும் மருந்துகளோடும் வரும் விளக்கத் தாள்களை இங்கிலீஷிலிருந்து தமிழாக்கிக் கொடுப்பாள். குழந்தைகள் ஸ்கூலுக்குப் போன பிறகு உட்கார்ந்தால், நாளைக்கு எட்டுப் பக்கம் முடிப்பாள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.

போன வருஷம் வேலை கொடுப்பவர்கள், "இனிமே மெஷினே மொழிபெயர்த்துடும். நீங்க சும்மா ஒரு பார்வை பார்த்துத் திருத்திக் கொடுத்தா போதும்" என்றார்களாம். கூலி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

"சும்மா ஒரு பார்வையா! 'ரெண்டு சொட்டு'ன்னு இருக்க வேண்டிய இடத்துல 'ரெண்டு கீழே விழும்'னு இருக்கு. கண் மருந்துத் தாள் அது. ஒவ்வொரு வரியையும் இங்கிலீஷோட வச்சுப் பாக்காம விட முடியுமா?" என்றாள்.

இப்போது அவள் தினமும் இருபது பக்கம் பார்க்கிறாள். வேகம் இரண்டரை மடங்கு கூடியிருக்கிறது. வரும்படியோ முன்பைவிடக் குறைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்பு பக்கத்துக்கு மூன்று பங்கு வீதம் எட்டுப் பக்கத்துக்கு இருபத்துநான்கு பங்கு. இப்போது ஒரு பங்கு வீதம் இருபது பக்கத்துக்கு இருபது பங்குதான்.

"முன்னே மூணு மணிக்கு முடிச்சுட்டு, பசங்க வர்றதுக்குள்ள நிம்மதியா ஒரு காபி குடிப்பேன். இப்ப பசங்க வந்தப்புறமும் திரையைப் பாத்துக்கிட்டே, 'போ, போய் பால் எடுத்துக் குடி'ங்கறேன். மெஷின் தப்பாப் போட்டா பொறுப்பு என்னோடது. சரியாப் போட்டா லாபம் அவங்களோடது. இது என்ன நியாயம், நீயே சொல்லு" என்றாள்.

மெஷின் மிச்சப்படுத்திய நேரம் அங்கே இருக்கத்தான் செய்கிறது. அது அவள் வீட்டுக்கு வராமல் வேறு வீட்டுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

வேலை போகுமா, வருமா?

இரண்டும் நடக்கும். பாங்கில் பணம் கொடுக்கும் ஏ.டி.எம். மெஷின் 1987-ல் நம் நாட்டில், பம்பாயில், முதன்முதலாக வந்தது. காசாளர் வேலை அத்தோடு தீர்ந்தது என்றார்கள். அமெரிக்காவில் நடந்ததோ வேறு. ஒரு கிளைக்கு வேண்டிய ஆட்கள் குறைந்ததால், கிளை திறக்கும் செலவு குறைந்தது. பாங்குகள் மேலும் மேலும் கிளைகளைத் திறந்தன. பல வருஷங்கள் வரை காசாளர்களின் மொத்த எண்ணிக்கை குறையவே இல்லை.

எல்லா முறையும் அப்படி நல்லபடியாக முடியும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவும் முடியாது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி தன் ஊழியர்களில் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. இதற்கு ஏ.ஐ. காரணமில்லை, புதிய வேலைக்கு ஏற்ற திறமை அமையாததுதான் காரணம் என்று கம்பெனி சொன்னது. எதுவானால் என்ன? வீட்டுக் கடனும் ஸ்கூல் ஃபீஸும் அந்தச் சம்பளத்தை நம்பித்தானே ஓடிக்கொண்டிருக்கும்?

நமக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று சொல்கிறேன். ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. லோயர், ஹையர் பாஸ் செய்த பெண்ணுக்கு நல்ல இடத்தில் உத்தியோகமும் கிடைத்தது, நல்ல வரனும் கிடைத்தது. கம்ப்யூட்டர் வந்ததும் பலர் அதைக் கற்றுக்கொண்டு மேலே போனார்கள். யார் போனார்கள் என்று பாருங்கள். வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள் போனார்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மாவோ மாமியாரோ இருந்தவர்கள் போனார்கள். அது இல்லாதவர்கள், திறமை இருந்தும் நின்றுவிட்டார்கள்.

இளம் தாய்மார்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பிரசவத்துக்காக இரண்டு வருஷம் வேலையை விட்டுத் திரும்பினால், முன்பு மேஜையும் நாற்காலியும் மாறியிருக்கும். இனிமேல் வேலையே மாறியிருக்கும்.

எட்டு மணி நேரம் எப்படி வந்தது?

கெயின்ஸ் என்ற பிரிட்டிஷ் பொருளாதார மேதை 1930-ல் ஒரு கட்டுரை எழுதினார். இன்னும் நூறு வருஷத்தில் இயந்திரங்களும் செல்வமும் பெருகிவிடும், நம் பேரப் பிள்ளைகள் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் வேலை செய்தால் போதும் என்றார். 2030 இதோ வந்துவிட்டது. செல்வம் அவர் சொன்னபடி பெருகியது. பதினைந்து மணி நேரம் மட்டும் எங்கேயும் காணோம்!

ஏனென்றால் ஓய்வு நேரம் தானாக வந்து மடியில் விழுவதில்லை. கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. 1923 மே முதல் தேதி, நம் சென்னைக் கடற்கரையில்தான் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை வேண்டும் என்பதுதான் உலகெங்கும் அந்த நாளின் கோரிக்கை. 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. பிரசவ விடுமுறையும் அப்படித்தான். 1961-ல் சட்டமாகி, 2017-ல் 26 வாரமாக உயர்ந்தது. இதில் எதையும் மில் இயந்திரம் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

இந்தப் புதிய மெஷின் விஷயத்திலும் ஒரு கூட்டத்தார் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். 2023-ல் ஹாலிவுட் சினிமா, டி.வி. எழுத்தாளர்கள் 148 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். மெஷினை எழுத்தாளராகக் கணக்கில் வைக்கக் கூடாது, மெஷின் எழுதியதைக் கொடுத்துத் திருத்தச் சொல்லி அதைச் சாக்காக வைத்துக் கூலியைக் குறைக்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டுதான் வேலைக்குத் திரும்பினார்கள். என் சிநேகிதியின் குறையும் அட்சரம் பிசகாமல் இதுதானே!

இதை அவளிடம் சொன்னேன். அதே இடத்துக்கு வேலை செய்யும் ஆறு பெண்களைத் தேடிப் பிடித்து வாட்ஸ்அப்பில் சேர்த்தாள். எல்லோரும் ஒரே மாதிரி கடிதம் எழுதினார்கள். மருந்துத் தாளில் தவறு வந்தால் யாருக்கு ஆபத்து என்று விவரமாகச் சொல்லி, அதற்குத் தனி ரேட் கேட்டார்கள். முழுசாகக் கிடைக்கவில்லை. மருந்துத் தாள்களுக்கு மட்டும் பழைய கூலியில் பாதி என்று ஆனது. "பாதியாவது வந்துதே. தனியாக் கேட்டிருந்தா 'வேற ஆளைப் பாத்துக்கறோம்'னு சொல்லியிருப்பாங்க" என்கிறாள்.

கேட்க ஆள் இல்லாதவர்களுக்கு அரசாங்கம்தான் துணை. வேலை மாறுகிறவர்களுக்குப் பயிற்சி, பயிற்சிக்குப் போகும் தாய்க்குக் குழந்தைகள் காப்பகம், மெஷினால் பெரும் லாபம் அடைபவர்களிடம் வரி என்று வழிகள் இருக்கின்றன. எல்லோருக்கும் மாதாமாதம் ஓர் அடிப்படைத் தொகை கொடுக்கும் யோசனையை இந்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையே ஓர் அத்தியாயம் முழுக்க அலசியது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15-ல் மாதம் 1,000 ரூபாய்த் திட்டம் தொடங்கியபோது அதற்கு 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தார்கள். சம்பளமில்லாத வீட்டு உழைப்புக்கும் மதிப்பு உண்டு என்பதே அந்தப் பெயரில் இருக்கும் பொருள். மிச்சத்தைப் பங்கிடுவது தர்மம் இல்லை, உரிமை என்ற எண்ணத்தை ஏ.ஐ. காலத்துக்கும் நாம் விடாமல் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

நம் வீட்டுக்குள்ளே

வெளியில் நியாயம் கேட்கிற நாம் வீட்டுக்குள்ளும் கேட்க வேண்டாமா? 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று தெரிந்தது. ஆண்கள் 88 நிமிடம். அதுவும் வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களின் சராசரிதான் இது. கை வைக்காதவர்கள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை!

15 வயது முதல் 59 வயது வரையுள்ள பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 2019-ல் 315 நிமிடமாக இருந்தது 2024-ல் 305 ஆகியிருக்கிறது. ஐந்து வருஷத்தில், அத்தனை காஸும் குக்கரும் மிக்ஸியும் இருக்க, நமக்கு மிச்சமானது பத்தே பத்து நிமிடம். மெஷினை மட்டும் நம்பினால் இதே வேகத்தில்தான் போகும்.

ஆகவே எனக்குத் தோன்றும் சில யோசனைகள்:

• பில் கட்டுவது, விண்ணப்பம் எழுதுவது, மளிகைப் பட்டியல் போடுவது எதற்காவது இந்த மெஷினைப் பயன்படுத்துகிறீர்களா? மிச்சமான அரைமணியை அப்போதே ஒருவர் பேரில் எழுதி வையுங்கள். 'இது என் நடைக்கு', 'இது நான் படிக்க' என்று. பேர் எழுதாத நேரத்தை வீட்டு வேலை எடுத்துக்கொண்டுவிடும்.

• வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் ஒரு நோட்டில் தினமும் எத்தனை மணி, எவ்வளவு வரும்படி என்று குறியுங்கள். பக்கக் கணக்கு ஏமாற்றும். மணிக் கணக்கு ஏமாற்றாது. அதே வேலை செய்யும் நாலு பேரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

• குழந்தைகளின் ஹோம்வொர்க்கை மெஷினிடம் விடாதீர்கள். மிச்சப்படுத்தக் கூடாத உழைப்பும் உண்டு. தானே தப்புப் போட்டு, தானே அழித்து எழுதும்போதுதான் மூளை வளர்கிறது. விடை தெரிந்த பிறகு, 'ஏன் இப்படி?' என்று விளக்கம் கேட்க வேண்டுமானால் பயன்படுத்தட்டும்.

• மருந்து விஷயத்தில் மெஷின் பேச்சைக் கேட்காதீர்கள். தப்பையும் சரியைப் போலவே அடித்துச் சொல்லும் சுபாவம் அதற்கு. காய்ச்சல் மருந்து எத்தனை மில்லி என்பதை உங்கள் குழந்தையின் எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

• பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி வேலை பழக்குங்கள். நாளைக்கு எந்த உத்தியோகம் இருக்கும், எது போகும் என்றே தெரியாத காலத்தில், தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளை எங்கேயும் கஷ்டப்பட மாட்டான்.

முதல் காரியமாக இன்று இரவு சாப்பாடு ஆனதும் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து, ஒரு காகிதத்தில் வீட்டில் இருக்கும் மெஷின்களை எல்லாம் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக, 'இது யாருடைய நேரத்தை மிச்சப்படுத்துகிறது? அந்த நேரத்தில் அவர் என்ன செய்கிறார்?' என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். பதில் எழுதும் வேலையை மட்டும் உங்கள் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்!